கத்தியும் நூலும் சுண்ணமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் கிழக்கிலே உள்ளது புத்தூர். அதனை அடுத்த நவக்கிரியில் நிலாவரைக் கிணற்றைக் காணச் செல்வோர், மேலே நன்னீரும் ஆழத்தே உவர்நீரும் தங்கி நிற்கும் விந்தையைக் கேட்டு வியந்து திரும்புவர். கிணற்றின் பக்கங்களை உற்று நோக்குபவர் சிலரே. அவை மனிதர் கட்டிய சுவர் அல்ல, சுண்ணாம்புப் பாறை. குடாநாடு முழுவதும் இப்பாறையின்மீதுதான் அமைந்திருக்கிறது. இதனைச் சூளையிலிட்டு நீற்றினால் கிடைக்கும் சுண்ணாம்பு, வீட்டுச் சுவருக்கு வெள்ளையாயிற்று. வெற்றிலைத் தட்டத்திலும் இடம்பெற்றது. அதே சுண்ணாம்புக்குப் பழைய வைத்திய நூல்கள் இன்னொரு தொழிலும் கூறின. அது உடலின் மயிரைக் களையும் என்றன.

மயிர் என்னும் சொல்லைக் கேட்டதும் இக்காலத்தார் முகஞ்சுளிப்பதுண்டு. பழந்தமிழ்ப் புலவர் அச்சொல்லைக் கூசாமல் ஆண்டனர்; நிகண்டுகளும் கூசவில்லை. பேச்சுவழக்கு அதனை வசைச்சொல்லாக்கிய பின்னரே முடி என்பது நாகரிகச் சொல்லாகி அதன் இடத்தைப் பிடித்தது. தலைமுடியை அழகென்று போற்றிய மக்கள், உடலின் பிற இடங்களில் வளர்வதை வேண்டாத மயிரென்று களைய முற்பட்டதும் இன்று நேற்றுத் தோன்றிய வழக்கன்று. அதற்கு அவர்கள் கையாண்ட வழிகளை ஒப்புநோக்கினால், மழித்தல், பறித்தல், கரைத்தல், வேரைச் சுடுதல் என்ற நான்கனுள் அவை யாவும் அடங்கிவிடுகின்றன. மழித்தலும் கரைத்தலும் தோலின் மேலே தெரிவதையே நீக்குவன. மற்றவை வேர்வரை செல்வன.

இவ்வொப்பீட்டைச் செய்தோருள் மிகப் பழையவர் சுசுருதர் எனலாம். அவர் பெயரால் வழங்கும் ஆயுர்வேத நூல், புண்களுக்குரிய சிகிச்சையைக் கூறும் அத்தியாயத்திலே, மயிர் மூடிய புண் நன்றாக ஆறாது. ஆதலின் கத்தியாலோ கத்தரிக்கோலாலோ சாமணத்தாலோ அங்குள்ள மயிரை அகற்றுக என்கிறது. அடுத்து மருந்துகள் வருகின்றன. சங்கைச் சுட்ட சுண்ணம் இரண்டு பங்கு, அரிதாரம் ஒரு பங்கு, இவற்றைப் புளித்த காடியில் அரைத்துப் பூசுவது ஒன்று. சேங்கொட்டை எண்ணெயையும் கள்ளிப்பாலையும் சேர்த்துப் பூசுவது மற்றொன்று. இங்கே அழகு குறித்த பேச்சே இல்லை என்பது கவனிக்கத்தக்கது. புண் ஆறவேண்டும், அதற்கு மயிர் தடை, ஆகவே களைக. வைத்தியர் கண்ட காரணம் அவ்வளவே.

இவற்றுள் சேங்கொட்டை முறை கொடியது. சலவைத் தொழிலாளர் துணியில் அழியாக் குறியிடப் பயன்படுத்திய கொட்டை அதுவே. அதன் சாறு பட்ட தோல் கொப்புளித்துப் புண்ணாகும். கள்ளிப்பாலும் எரிவூட்டுவதில் அதற்கு இளைத்ததன்று. புண்ணை ஆற்றுதற்கு அதன் அருகே இன்னொரு புண்ணை உண்டாக்கும் மருந்து எத்தனை நோயாளரால் விரும்பப்பட்டிருக்கும் என்பது ஐயத்துக்குரியதே.

சங்குச் சுண்ணமும் அரிதாரமும் சேர்ந்த கலவை அப்படிப்பட்டதன்று. அதன் வேலை வியக்கத்தக்கவாறு திருத்தமானது. சங்கு குளித்தல் யாழ்ப்பாணக் கடலிலும் மன்னார்க் குடாவிலும் நெடுங்காலம் நடந்த தொழில். வளையல் செய்வதற்காகச் சங்குகள் வங்கம் வரை சென்றன. சங்கோ, சிப்பியோ, புத்தூர்ப் பாறையோ, எதனை நீற்றினாலும் கிடைப்பது ஒரே சுண்ணாம்புதான். அரிதாரம் என்பது சித்த வைத்தியர் தாளகம் என்று கூறும் மஞ்சட் பாஷாணம். ஆர்செனிக்கும் கந்தகமும் கலந்த கனிப்பொருள் அது. சுண்ணாம்பின் காரமும் தாளகத்தின் கந்தகமும் நீரிலே கூடும்போது உண்டாகும் சேர்வை, மயிரைக் கட்டிக் காக்கும் கெரட்டின் என்ற புரதத்தின் உட்பிணைப்புக்களை அறுத்துவிடுகிறது. கம்பிபோல் நின்ற மயிர் களிபோலாகித் துடைத்த மாத்திரத்தில் வந்துவிடும்.

துருக்கி நாட்டு நீராட்டு மண்டபங்களில் ரூஸ்மா என்ற பெயரோடு புழங்கிய பூச்சும் தாளகமும் சுண்ணாம்பும் கலந்த இதே கலவைதான். தோல் பதனிடுவோர் ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து மயிர் போக்கும் முறைக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடில்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பெருந்தொழிலாய் வளர்ந்த தோல் பதனீட்டின் முதற்படிகளுள் இதுவும் ஒன்று. உயிரற்ற தோலுக்கு நாட்கணக்கில் செய்வதை உயிருள்ள தோலுக்குச் சில நிமிடங்களில் செய்து முடிப்பதே வைத்தியரின் திறமை. ஏனெனில், தோலின் மேற்படையும் அதே கெரட்டினால் ஆனது. மருந்துக்கு மயிரையும் தோலையும் பிரித்தறியத் தெரியாது. பூசியவர்தாம் காலம் பார்த்துக் கழுவவேண்டும். பிந்தினால் வெந்து போகும். அத்துடன் தாளகம் நஞ்சு. புண்பட்ட தோல் வழியே அது உடலுட் புகவும் கூடும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து குழாய்களில் அடைத்து விற்கப்படும் களிம்புகளில் தாளகம் இல்லை. தயோகிளைக்கொலேற்று என்னும் உப்பு அதன் இடத்தைப் பெற்றது. ஆயினும் காரத்துக்குச் சுண்ணாம்பு இன்றும் சேர்கிறது. ஐந்து முதல் பத்து நிமிடத்துள் கழுவிவிட வேண்டும் என்ற எச்சரிக்கையும் மாறவில்லை. சுசுருதரின் செய்முறை நஞ்சு நீங்கி, வாசனை பெற்று வந்திருக்கிறது என்று கூறினால் மிகையாகாது.

பறித்தல் என்பதற்குத் தமிழர் வரலாற்றிலே தனியோர் இடமுண்டு. சமணத் துறவிகள் கத்தியைத் தொடாது தம் தலைமயிரைக் கையாலேயே பறித்து நீக்குவர். உடல்மீது பற்றறுத்தமைக்கு அது சான்றாகக் கொள்ளப்பட்டது. சைவம் மீண்டும் எழுந்த காலத்தில் இவ்வழக்கம் சைவ அடியார்களின் எள்ளலுக்கு இலக்காயிற்று. திருநாவுக்கரசர் தாமே தருமசேனர் என்ற பெயரோடு சமணராயிருந்து மீண்டவர். பெரியபுராணத்தை ஆறுமுக நாவலர் வசனமாக்கித் தந்ததனால் யாழ்ப்பாணத்துச் சைவச் சிறுவரும் இக்கதையை எளிதிற் படித்தறிந்தனர். திருவள்ளுவரோ இரு பக்கமும் சாராமல், மழித்தலையும் வளர்த்தலையும் கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தில் வைத்து, ஒழுக்கம் இருந்தால் இரண்டும் தேவையில்லை என்று தீர்த்துவிட்டார்.

துறவிக்குத் தவமாயிருந்த வலியே பெண்டிருக்கு ஒப்பனையாயிற்று. பாரசீகத்திலும் அரபு நாடுகளிலும் முறுக்கிய பஞ்சு நூலைக் கன்னத்திலும் புருவத்திலும் உருட்டி மயிரைக் கவ்விப் பறிக்கும் கலை தொன்றுதொட்டு வழங்கியது. பாரசீகத்தில் மணப்பெண்ணுக்கு இது சடங்காகவே செய்யப்பட்டது. அந்நூல்தான் வட இந்தியா வழியே பரவி, இன்று யாழ்ப்பாண நகரத்து அழகுக்கலை நிலையங்களிலும் புருவம் திருத்துகிறது. சர்க்கரைப் பாகைக் காய்ச்சித் தோலில் ஒட்டி இழுப்பதும் மேற்காசியாவின் வழக்கமே. மெழுகு பூசி இழுப்பது அதற்கு இனமானது. வேரோடு வருவதனால் மீண்டும் வளரச் சில வாரங்கள் செல்லும் என்பது இம்முறைகளின் நன்மை. மயிர்க்கால் வீங்கிச் சிறு கொப்புளம் எழுவதும், புதுமயிர் வெளிவர வழியின்றித் தோலுள்ளே சுருள்வதும் தீமைகள்.

தமிழ்ப் பெண்களின் பழைய முறை இவை இரண்டிலும் மென்மையானது. மஞ்சளை அரைத்து முகத்திற் பூசிப் பயற்றம்மா தேய்த்துக் கழுவுவர். குப்பைமேனி இலை, கோரைக்கிழங்கு, மஞ்சள் ஆகியவற்றை உலர்த்தி இடித்த பொடியைத் தமிழகத்து நாட்டுமருந்துக் கடைகளில் இன்றும் வாங்கலாம். நாள்தோறும் தேய்க்கும்போது பூனைமயிர் சில உதிர்வது உண்மை. தொடர்ந்து பூசினால் வேரே அழியும் என்ற நம்பிக்கைக்குத் தக்க சான்றில்லை. ஆனால் தோலைப் புண்ணாக்காத முறை என்ற பெருமை அதற்கு உண்டு. மேல்நாட்டில் அக்காலத்து விற்பனையான சில மருந்துகளுக்கு அந்தப் பெருமையும் இருக்கவில்லை.

மேல்நாட்டார் விரும்பியது மயிர் என்றென்றைக்குமாக ஒழிவதையே. அந்த விருப்பத்தின் கதை துயரமானது. தொடக்கம் நன்றாகவே இருந்தது. 1875 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ற் லூயிஸ் நகரத்துக் கண்மருத்துவர் சார்ள்ஸ் மிஷெல், இமைமயிர் உள்நோக்கி வளர்ந்து கண்ணை உறுத்தும் நோய்க்கு, மயிர்வேரில் ஊசியைச் செலுத்தி மின்னோட்டம் பாய்ச்சி வேரை அழித்தார். ஒவ்வொரு மயிராகச் செய்யவேண்டிய நெடிய வேலை அது. ஆயினும் அழிந்த வேர் மீண்டும் முளைக்கவில்லை. நிரந்தரமாக மயிர் நீக்கும் முறை என்று ஐயமின்றிக் கூறத்தக்கது இன்றளவும் இதுதான்.

1895 இல் றொன்ட்ஜென் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். கதிர் பட்ட இடத்தில் மயிர் உதிர்வதை மறுவருடமே ஆய்வாளர் கண்டனர். அவ்வருட இறுதியில் வியன்னாவில் லெயோபோல்ட் பிராயின்ட் என்ற மருத்துவர், முதுகில் மயிரடர்ந்த மறுவோடு பிறந்த ஐந்து வயதுச் சிறுமி ஒருத்திக்குக் கதிரைப் பாய்ச்சினார். மயிர் உதிர்ந்தது, கூடவே ஆறாப் புண்ணும் உண்டாயிற்று. ஏறத்தாழ 70 ஆண்டுகளின் பின் மருத்துவர் அவரைப் பரிசோதித்தபோதும் அத்தழும்புகள் இருந்தன. இவ்வெச்சரிக்கை கண்முன் இருந்தும், 1920 களில் அமெரிக்க அழகு நிலையங்கள் பெண்களின் முகத்திலே எக்ஸ் கதிரைப் பாய்ச்சின. வலியில்லை, புண்ணில்லை என்று விளம்பரமும் செய்தன. தோல் சுருங்கியதும் புற்றுநோய் கண்டதும் ஆண்டுகள் கழிந்த பின்னரே. 1930 களின் தொடக்கத்தில் தாலியம் என்னும் எலி நஞ்சு கலந்த களிம்பொன்றும் அங்கே கடைகளில் விற்கப்பட்டது. அதனைப் பூசிய பெண்களிற் பலர் கால் விளங்காமலும் பார்வை குன்றியும் வருந்தினர். ஒப்பனைப் பொருள்களையும் அரசாங்கம் கட்டுப்படுத்த வேண்டும் என்று அந்நாட்டில் 1938 இல் சட்டம் இயற்றப்பட்டதற்கு இத்தகைய கேடுகளும் காரணமாயின.

லேசர் ஒளி 1960 இல் முதன்முதலாகப் பிறப்பிக்கப்பட்டது. மயிர் நீக்கத்துக்கு அது 1990 களின் நடுவிலே வந்தது. மயிரிலுள்ள கருநிறப் பொருள் அவ்வொளியை உறிஞ்சிச் சூடேற, வேர் கருகுகிறது. வெள்ளைத் தோலிற் கருமயிர் உடையவர்களை மனத்திற்கொண்டு செய்யப்பட்ட கருவி இது. கறுத்த தோலிலும் அதே கருநிறப் பொருள் நிறைந்திருப்பதால், முதலில் வந்த லேசர்கள் தமிழர் போன்ற மக்களின் தோலைச் சுட்டு வடுப்படுத்தும் ஆபத்து மிகுதி. நெடிய அலையுள்ள 1064 நனோமீற்றர் லேசர் வந்த பின்னரே அவ்வாபத்துக் குறைந்தது. நிலையத்துக்குச் செல்வோர் கட்டணத்தை விசாரிக்கு முன் கருவியின் வகையை விசாரிப்பது நன்று. அப்பொழுதும் கிடைப்பது மயிர் குறைதலே, முற்றாக ஒழிதலன்று.

இனிக் கத்தி. உலகெங்கும் மிகுதியாக வழங்கியதும் எளிதானதும் அதுவே. மழித்தால் மயிர் தடிக்கும் என்ற நம்பிக்கை ஊர்தோறும் உண்டு. மில்ட்ரெட் டிரொற்றர் என்ற அமெரிக்க உடற்கூற்று அறிஞர் 1928 இலேயே ஆராய்ந்து அது தவறெனக் காட்டினார். வெட்டுண்ட நுனி மொட்டையாக இருப்பதனால் தடித்ததுபோலத் தோன்றுகிறது. வேருக்கு எதுவும் நேர்வதில்லை.

மெதடிஸ்த மிஷன் புத்தூரிலே நிறுவிய வைத்தியசாலை அவ்வூருக்கு மேல்நாட்டு மருத்துவத்தைக் கொண்டுவந்தது. அக்கால மேல்நாட்டு மருத்துவத்தில், சத்திரசிகிச்சைக்கு முன் நோயாளியின் உடலைக் கத்தியால் மழிப்பது மாறா விதி. மயிரில் அழுக்குண்டு, ஆகவே மழித்தல் சுத்தம் என்று யாவரும் நம்பினர். 1971 இல் அமெரிக்காவில் 406 நோயாளரை வைத்துச் செய்த ஆய்வு இந்நம்பிக்கையை உலுக்கியது. கத்தியால் மழிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 5.6 பேருக்குக் காயத்தில் சீழ் பிடித்தது. களிம்பு பூசி மயிர் போக்கியவர்களிலும், மயிரைத் தொடாமலே விட்டவர்களிலும் அது 0.6 மட்டுமே. கத்தி தோலிற் கண்ணுக்குப் புலப்படாத கீறல்களை விட்டுச்செல்ல, அவற்றிலே கிருமிகள் பெருகின. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் விதித்தது இது: மயிரைக் களையாதிருப்பதே நன்று, களைந்தே ஆகவேண்டின் கத்தரிக்கும் இயந்திரத்தால் மட்டும் செய்க, சவரக்கத்தி ஒருபோதும் ஆகாது. சுசுருதர் கத்திக்கு அடுத்தபடி கத்தரிக்கோலைச் சொன்னார். அந்த இரண்டாவது கருவியே வென்றிருக்கிறது.

வைத்தியசாலைக் கத்தியால் நேர்ந்தது தோலுக்கு உண்டான கீறல். ஊரில் வழங்கிய கத்தியின் கதை வேறு. யாழ்ப்பாணத்திலே கத்தி பிடித்தவர் வெறும் தொழிலாளியாகக் கருதப்படவில்லை. அவர் குடிமகன் எனப்பட்டார். பரியாரி என்றும் அழைக்கப்பட்டார். வைத்தியருக்கும் நாவிதருக்கும் ஒரே பெயர் வழங்கியமை, ஒருகாலத்தில் கத்தி வைத்தவரே கட்டி கீறியவராகவும் இருந்தார் என்பதைக் காட்டும். முஸ்லிம் மக்களிடையே ஒஸ்தா என்பவரும் அவ்வாறே சவரமும் சுன்னத்தும் செய்தார். குடிமகன் அடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு தேடி வருவார். கோடிப்புறத்திலே வேலை நடக்கும். கூலி அன்றாடம் காசாக வருவதன்று. அறுவடையின்போது நெல்லாக வரும். பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவிலும், மணமகனின் சவரத்திலும், இறந்தவர் வீட்டுக் கிரியையிலும் அவரின்றி ஒன்றும் நடவாது. ஆயினும் அவர் அவ்வீட்டு மண்டபத்துள் ஏறியதில்லை. அவரும் பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்ட ஐந்து சாதிகளுள் ஒருவராகவே எண்ணப்பட்டார்.

இக்கட்டமைப்பின் கொடுமை இன்னும் ஆழமானது. நளவருக்கும் பள்ளருக்கும் பறையருக்கும் அக்கத்தி மறுக்கப்பட்டது. புத்தூரை உள்ளிட்ட வலிகாமத்துக் கிராமங்களிலே, அவர்களுக்குச் சவரம் செய்த நாவிதர் வேளாளர் வீடுகளின் வேலையை இழப்பார். வேலையோடு நெல்லையும் இழப்பார். ஒடுக்கப்பட்ட ஒருவரைக் கொண்டே ஒடுக்கப்பட்ட இன்னொருவரை இழிவுபடுத்தும் ஏற்பாடு இது. ஒல்லாந்தர் 1707 இல் தேசவழமையைத் தொகுத்தபோது அதிலே அடிமைச் சாதிகளுக்கும் இடமிருந்தது. இலங்கையில் அடிமைமுறை 1844 இல் சட்டத்தால் ஒழிந்தது. சட்டம் போனபின்னும் வழமை நின்றது.

இதனை முதலில் அசைத்தவற்றுள் ஒன்று, எந்த இயக்கத்திற்கும் தொடர்பில்லாத ஒரு சிறு இரும்புத் தகடு. கிங் காம்ப் கிலெற் என்ற அமெரிக்கர் செய்த பாதுகாப்புச் சவரக்கருவி 1903 இல் விற்பனைக்கு வந்தபோது அவ்வாண்டில் விற்றது 51 கருவிகளும் 168 தகடுகளுமே. முதல் உலகப்போரில் அமெரிக்கப் படைவீரருக்கு அது வழங்கப்பட்டது. பின்னர் உலகெங்கும் பரவிற்று. பழைய சவரக்கத்திக்குச் சாணையும் தோல்வாரும் பழகிய கையும் வேண்டும். இதற்கு ஒரு கண்ணாடித் துண்டு போதும். சில சதத்திற்குக் கடையில் வாங்கிய தகடு, யாருடைய தயவுமின்றி எவனும் தன் முகத்தைத் தானே மழிக்க வழிசெய்தது.

ஆனால் தலைமயிரைத் தானே வெட்டிக்கொள்ள இயலாது. அதற்குப் பட்டினங்களிலும் சந்திகளிலும் தோன்றிய சலூனுக்குத்தான் செல்லவேண்டும். காசு வாங்கி வேலை செய்யும் இடமாயிற்றே, அங்கே சாதி ஏன் என்று கேட்கத் தோன்றும். பல சலூன்கள் ஒடுக்கப்பட்டவர்களுக்குக் கதிரை தர மறுத்தன. தேநீர்க் கடைகள் மறுத்ததுபோலவே மறுத்தன. 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. ஏட்டிலிருந்த சட்டம் தெருவுக்கு வர மேலும் ஆண்டுகள் சென்றன. 1966 ஒக்டோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதனை அடுத்துத் தோன்றிய தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும், 1968 இல் சங்கானைத் தேநீர்க் கடைகளிலும் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலும் நடந்த போராட்டங்களும் அவ்வழியின் படிகள். கோயிலும் தேநீர்க் கடையும் வரலாற்றேடுகளில் இடம்பெற்ற அளவுக்குச் சலூன் கதிரை இடம்பெறவில்லை. ஆயினும் தன்னை மறுத்த கடையிலே முதன்முறை அமர்ந்து, கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி போர்த்தப்பட்ட மனிதனுக்கு அதுவும் ஒரு நுழைவுதான்.

நாவிதர் பக்கத்திலும் மாற்றம் நிகழ்ந்தது. நெல்லுக்குக் காத்திராது காசுக்கு வேலை செய்தபோது, எவருடைய கோடிப்புறத்திலும் காத்து நிற்கும் நிலை அவருக்கு ஒழிந்தது. சலூன் அவர் கடை. வருபவர் அவரிடத்திலே முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். இறப்பு வீட்டுக் கிரியைக்கு அழைக்கப்படும்போது மட்டும் பழைய உறவு இன்னும் எட்டிப்பார்க்கிறது.

இன்று சலூனில் அமர்பவர் கவனிக்க வேண்டியது தகடு புதியதா என்பதையே. ஈரலைத் தாக்கும் ஹெப்பற்றைற்றிஸ் பி வைரசு உடலுக்கு வெளியே ஏழு நாள் வரையேனும் உயிர்த்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி இரத்தம் போதும் அது பரவுவதற்கு. ஆகவே ஒருவருக்குப் பயன்படுத்திய தகட்டை மற்றவருக்குப் பயன்படுத்தாமல், ஒவ்வொரு முறையும் உறையிலிருந்து புதியதை எடுத்துப் பொருத்துதல் வேண்டும். உறையைத் தம் கண்முன்னே பிரிக்குமாறு கேட்பதில் அமர்பவருக்குக் கூச்சம் வேண்டியதில்லை. நல்ல தொழிலாளி கேளாமலே அவ்வாறு செய்வார்.